ரயில் நேரத்துக்கு வந்த காலம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிக்கொண்டு தொடங்குகிறேன். பாம்பனில் படகு வைத்திருக்கும் உங்கள் அப்பா, ‘எமர்ஜென்சி மாதிரி ஒரு ஆட்சி வந்தால்தான் இந்த நாடு உருப்படும்’ என்று அடிக்கடி சொல்கிறார். பொறியியல் படித்த உங்கள் நண்பர்களும் ‘நமக்கெல்லாம் ஒரு சர்வாதிகாரிதான் சரி’ என்கிறார்கள். மனிதர்கள் ஏன் தங்கள் சுதந்திரத்தைத் தாங்களாகவே தூக்கிக் கொடுக்கிறார்கள், இது அடிமைப் புத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ இது உலகத்து மனிதர்களைப் பற்றிய கேள்வியாகப் படவில்லை. ‘என் அப்பா விவரமானவர், யாருக்கும் கைகட்டி நிற்காதவர், அவர் எப்படி இதைச் சொல்கிறார்’ என்பதுதான் உள்ளே கிடக்கிற கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் அரசுக் கல்லூரிகளில் 29 ஆண்டுகள் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பிறந்தது தங்கச்சிமடம். அப்பா மீன்பெட்டி கட்டி ரயிலேற்றும் சின்ன வியாபாரி. படித்தது எது, கரையில் கண்டது எது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன். உளவியல் என் துறை இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

என் அப்பாவும் உங்கள் அப்பா சொல்வதையேதான் சாகும்வரை சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதுவரைக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் கரைக்கும் 1914-ல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் தொடர்பு. பெட்டியை ஏற்றிவிட்டு வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் ஐஸ் உருகி ஓடும். பட்டணத்தில் போய் இறங்கும்போது மீனின் கண் வெளுத்திருக்கும், செவுள் கறுத்திருக்கும், பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆள் இருக்காது. 1975 ஜூன் 25 இரவு, இந்திரா காந்தியின் காங்கிரஸ் ஆட்சியில், எமர்ஜென்சி என்கிற அவசரநிலை வந்தது. அதற்குப் பிறகு வண்டி நேரத்துக்குக் கிளம்பியது, பார்சல் குமாஸ்தா பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தார், டீ செலவுக்கு என்று கையை நீட்டவில்லை. இது அப்பா சொன்ன கணக்கு. அவருக்கு எமர்ஜென்சி என்றால் இவ்வளவுதான். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் தருகிற அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தெரியும்.

பத்திரிகைக்குத் தணிக்கை போட்டார்கள் என்றால், அப்பா பத்திரிகைக்கு எழுதப் போகிறவர் இல்லை. ஊர்வலத்துக்குத் தடை என்றால், அவர் ஊர்வலம் போனதே இல்லை, திருவிழாத் தேருக்குப் பின்னால் தவிர. தான் எடுத்து உபயோகிக்காத பொருளைக் கொடுத்துவிட்டு, தினமும் வேண்டிய ஒன்றை வாங்கிக்கொண்டதாகத்தான் அவர் மனசுக்குள் பட்டது. வியாபாரி மூளை. இதை அடிமைப் புத்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பேரத்தில் அவர் எடை போடாமல் விட்டது ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் கரையிலேயே இந்தப் பேரம் தினமும் நடக்கிறது. என் சித்தப்பா நாட்டுப்படகு வைத்திருந்தார். ஒரு வாடைக் காலத்தில் வலை முழுக்கப் போய்விட்டது. புது வலைக்குக் கம்பெனிக்காரரிடம் முன்பணம் வாங்கினார். வட்டி கிடையாது. ஒரே நிபந்தனை, பிடிக்கிற நண்டு, இறால், கணவாய் எல்லாம் அவருக்கே போட வேண்டும். விலை அவர் சொல்வது. வெளியில் கிலோ என்ன போகிறது என்று சித்தப்பாவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் பதினேழு வருஷம் அவருக்கே போட்டார். சித்தி பிரசவத்தில் தவித்த இரவு, இரண்டு மணிக்கு வண்டி அனுப்பியது அந்தக் கம்பெனிக்காரர்தான். வங்கியில் போய் நின்றால் பத்திரம் கேட்பார்கள். ஒருமுறை சித்தப்பா எப்படியோ பணத்தைத் திரட்டி, கடனை அடைத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். கம்பெனிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘உனக்கு நான் என்னடா குறை வச்சேன்?’ என்று கேட்டாராம். கொடுத்த கடன் திரும்பி வருகிறதே என்று கோபப்படுகிறவரை நீங்கள் வேறு எங்கே பார்ப்பீர்கள்? சித்தப்பா அடைக்கப் போன பணத்தோடு திரும்பி வந்தார்; எஞ்சின் மாற்றுவதற்கு என்று இன்னும் கொஞ்சம் கூடவே வாங்கிக்கொண்டு வந்தார்.

16-ம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் எத்தியேன் த லா போய்சி என்ற இளைஞர் உங்கள் கேள்வியையே கேட்டிருக்கிறார்: இத்தனை ஊர்கள் சேர்ந்து ஒற்றை ஆளை ஏன் சுமக்கின்றன? பழக்கம் என்பது அவர் சொன்ன ஒரு விடை. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. மன்னனை ஒட்டி ஐந்தாறு பேர் பிழைக்கிறார்கள், அந்த ஐந்தாறு பேரை ஒட்டி அறுநூறு பேர், அறுநூறு பேரை ஒட்டி ஆறாயிரம் பேர் என்று அவர் ஒரு கணக்குப் போடுகிறார். அடியில் நிற்கிறவனுக்கு மன்னன் முகமே தெரியாது. தனக்கு ஒரு படி மேலே நின்று காரியம் முடித்துக் கொடுக்கிற ஆளைத்தான் தெரியும். அந்த ஆளை விட முடியாது, ஆகவே மேலே இருக்கிற எதையும் விட முடியாது. வட்டச் செயலாளரின் கடுதாசி ஒன்றுக்காக வாசலில் நின்ற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. பல நேரம் மனிதர்கள் விட்டுக்கொடுப்பது தங்கள் சுதந்திரத்தை இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையதை. அவசரநிலையில் விசாரணை இல்லாமலும் பாதுகாப்பு விதிகளின் கீழும் பிடித்து அடைக்கப்பட்டவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரம் பேருக்கு மேல். 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் நடந்தன. ஆள் பிடித்து வந்து அறுத்த கொடுமை அதிகம் நடந்தது வட மாநிலங்களில். 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் இருந்த கூட்டணி 39-ல் 34 இடங்களை அள்ளியது. ஆந்திரத்தில் 42-ல் 41. இந்த எண்களில் சந்தேகம் இல்லை. இதற்குக் காரணம் ‘தெற்கே அடி குறைவாக விழுந்தது’ என்பது என் கருத்து. இங்கே வேறு கட்சிக் கணக்குகளும் இருந்தன, எம்.ஜி.ஆர். அலையும் இருந்தது, ஆகவே இதை அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யார் முதுகில் விழுந்ததோ அவர்கள் கத்தினார்கள், மற்றவர்கள் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி, படித்தவர்களும் ஏன் தலையாட்டுகிறார்கள் என்பது. இதற்கு நான் வெட்கப்படுகிற ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். ஊர்ப் பொதுப்பணத்துக்கு வரவு செலவுக் கணக்குக் காட்டச் சொல்லி ஒருவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டார். கேட்ட விதம் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். ஊரை அவமானப்படுத்திவிட்டார் என்று ஆறு மாதம் ஒதுக்கி வைக்க முடிவானது. ஒதுக்கி வைப்பது என்றால் உங்களுக்குத் தெரியும். கடையில் உப்பு கிடைக்காது, படகைத் தள்ள ஆள் வராது, வீட்டில் சாவு விழுந்தாலும் எட்டிப் பார்க்கக் கூடாது. ‘சம்மதமா?’ என்று கேட்டார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் நான்தான் அதிகம் படித்தவன்; அடிப்படை உரிமைகள் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். அடுத்த வாரத்துக்குள் ஆறேழு பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, ‘எனக்கு மனசே இல்ல சார், எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன்’ என்றார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆறேழு பேரும் அங்கேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும்.

இதற்கு ஆய்வில் ஒரு சாட்சி உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனை. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் ‘தொடருங்கள்’ என்று சொல்லச் சொல்ல, சாதாரண மனிதர்கள் பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டே போனார்கள். உண்மையில் அதிர்ச்சி எதுவும் இல்லை, அந்த ஆள் நடித்தார். பலரும் அறிந்த வடிவத்தில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் இந்த 26-ஐத்தான் மேற்கோள் காட்டுவார்கள். நான் வகுப்பில் வேறொரு சுற்றைச் சொல்வேன். கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ‘இனி முடியாது’ என்று எழுந்துவிட்ட சுற்றில், 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். இந்தச் சோதனை மீது பின்னால் கடுமையான விமர்சனங்கள் வந்தன. பலர் அதிர்ச்சி நிஜம் என்று நம்பவே இல்லை, அதனால்தான் துணிந்தார்கள் என்பது அவற்றில் முக்கியமானது. அதனால் ‘மனிதன் பிறப்பிலேயே கீழ்ப்படிகிறவன்’ என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. கூட இருக்கிற இரண்டு பேர் எழுந்தால் நிலைமை மாறுகிறது என்பதை மட்டும் நான் நம்புகிறேன், ஏனென்றால் அந்த ஊர்க்கூட்டத்தில் யாரும் எழவில்லை.

‘தாங்களாகவே’ என்று நீங்கள் எழுதிய சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஜெர்மனி மக்கள் ஹிட்லரை விரும்பி வரவழைத்தார்கள் என்று சொல்வது வழக்கம். 1928-ல் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். நாட்டில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்த 1932-ல், ஜூலையில் 37.3, அதே ஆண்டு நவம்பரில் 33.1 ஆகக் குறைந்தது. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் பாதியைத் தொடவில்லை. ஹிட்லருக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்த 1933 மார்ச் 23 வாக்கெடுப்பில் எதிர்த்து 94 பேர் வாக்களித்தார்கள், அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் உள்ளே வரவே விடப்படவில்லை. ஆக, மூன்றில் ஒரு பங்கு மக்கள் விரும்பினார்கள், மேலிடத்தில் இருந்த சிலர் ‘இவரை நாம் கையில் வைத்துக்கொள்ளலாம்’ என்று கணக்குப் போட்டார்கள், மீதிப் பேருக்குக் கேள்வியே வைக்கப்படவில்லை. எல்லோரும் சேர்ந்து கொடுத்தார்கள் என்ற கதை பிற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் தெரு முனையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தது போலீஸ் இல்லை, நாங்கள். திருப்பூரிலிருந்து நடந்தும் லாரியிலும் வந்து சேர்ந்த எங்கள் ஊர்ப் பையனையே முள்ளுக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பேசினோம்.

இதுவரை படித்துவிட்டு, கட்டுப்பாடு என்றாலே தீது என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்கிறது சட்டம். பாக் விரிகுடாப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மீறல்கள் உண்டு, சண்டையும் உண்டு. ஆனாலும் இது இல்லாத கடலை உங்கள் அப்பாவே கேட்க மாட்டார். மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்குள் பேசி வரம்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் சுதந்திரம் கொஞ்சம் போகிறதுதான். ஆனால் எல்லோருக்கும் சேர்ந்து போகிறது, எந்தத் தேதியில் திரும்பி வரும் என்று தெரிகிறது, ‘இந்த வருஷம் நாள் கணக்கு தப்பு’ என்று ஒருவர் கத்தினால் அவர் வீட்டுக்கு உப்பு நிற்பதில்லை. சித்தப்பாவின் கடனில் இந்த மூன்றும் இல்லை. ஊர்க்கூட்டத்திலும் இல்லை. எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதைவிட, திரும்பக் கேட்க ஒரு வாசல் திறந்திருக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்வேன்.

அப்பா எடை போடாமல் விட்டது இந்த வாசலைத்தான். 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், அவசரநிலையில் காவலில் இருப்பவர், தன்னை அடைத்தது சரியா என்று நீதிமன்றத்தைக் கேட்கிற ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மறுத்து எழுதியவர் எச்.ஆர்.கன்னா ஒருவர். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலும் வழியில்லையா என்று அவர் வாதத்தின்போது கேட்க, அரசுத் தரப்பு வழக்கறிஞர் ‘அவசரநிலை நீடிக்கும்வரை இல்லை’ என்றார். அடுத்த ஜனவரியில், தலைமை நீதிபதி ஆகும் முறை வந்தபோது கன்னாவைத் தாண்டி இன்னொருவரைப் போட்டார்கள். அவர் பதவி விலகினார். பின்னால் 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. உயிர் வாழும் உரிமையை அவசரநிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்காவிட்டால் அவசரநிலை தானாகக் காலாவதியாகும் என்று அது எழுதி வைத்தது.

தில்லித் தீர்ப்பு பாம்பனுக்கு என்ன செய்தது என்று உங்கள் அப்பா கேட்பார். அவருக்குக் கச்சத்தீவைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தத் தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஜூன் ஒப்பந்தம் அவசரநிலைக்கு முந்தையது. அப்போது தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. பலன் இல்லை, ஆனால் கத்த இடம் இருந்தது. அந்த ஒப்பந்தத்தில், நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்றாவது ஒரு வரி இருந்தது. 1976 மார்ச் 23-ல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள்தான், இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று வெட்டவெளிச்சமாகச் சொன்னவை. அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தீர்மானம் போடச் சட்டமன்றமே இல்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். பத்திரிகைகள் தணிக்கையில். அவசரநிலை இல்லாவிட்டால் அந்தக் கடிதங்கள் எழுதப்பட்டிருக்காது என்று நான் சொல்லவில்லை; முதல் ஒப்பந்தமே ஜனநாயகம் இருந்தபோது போட்டதுதான். ஆனால் நம் கரையின் பிழைப்பைப் பற்றிய ஒரு முடிவு, நம் கரையில் ஒருவர்கூட வாய் திறக்க முடியாத மாதத்தில் எடுக்கப்பட்டது. ரயில் நேரத்துக்கு ஓடிய அதே மாதங்கள்.

உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்வதால் அவர் மனம் மாறுவார் என்று உத்தரவாதம் தர மாட்டேன். வாதமாகச் சொல்லாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லவே சொல்லாதீர்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது, ‘எழுபத்தாறு மார்ச்சுல நீங்க எங்கே தொழில் பார்த்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். நான் என் அப்பாவிடம் இந்தத் தேதிகளைச் சொன்னபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. இலங்கை ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். ‘அப்ப பேப்பர்ல ஒண்ணும் பாத்த ஞாபகம் இல்லையேப்பா’ என்றார். ‘பார்த்திருக்க மாட்டீங்க’ என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘அதெல்லாம் சரி, ஆனா வண்டி நேரத்துக்கு வந்துச்சு’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் ரேடியோவைத் திருகத் தொடங்கினார்.